வட்டக் கதவுக்கு அந்தப் பக்கம்

காலையில் என் மனைவி உன் தொப்பியை அழுக்குத் துணிகளோடு சேர்த்து பக்கெட்டில் போடப் போனாள். கடைசி நேரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்தேன். "நாத்தம் பிடிச்ச தொப்பிய வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறீய?" என்று கேட்டாள். நாற்றம் இருப்பது உண்மைதான். உன் தலையெண்ணெய், நொச்சிக்குப்பத்து மீன், இப்போது புதிதாக டீசல். முதல் இரண்டும் உன்னுடையவை, மூன்றாவது நான் சேர்த்தது. அது எப்படிச் சேர்ந்தது என்று உன்னிடம் சொல்லாமல் இந்தத் தொப்பியை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு முகம் இல்லை. அதனால் எழுதுகிறேன். நேரில் என்றால் இரண்டு தடவை "ஆங்?" என்பாய், மூன்றாவது தடவை காதில் விழுந்ததும் என்னை வெளுத்து வாங்கியிருப்பாய்.

நீ சாந்தோமில் பிறந்தவன். மீசை சரியாக முளைக்கும் முன்பே கடற்படைக்குப் போய், நீர்மூழ்கிக் கப்பலின் இன்ஜின் அறையிலேயே இளமையைக் கழித்துவிட்டு வந்தவன். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி. நகரில் ரவிக்கைத் துணிக் கடை போட்டவன். மந்தைவெளியில் ஒரே மாடியில் எதிரெதிர் வீடு. குடியிருப்பில் எல்லோருக்கும் நீ நேவி, நான் அண்ணாச்சி. இன்ஜின் சத்தம் உன் இடது காதை முழுதாகவும் வலது காதைப் பாதியும் தின்றிருந்தது. அதனால் மாலை நடையில் நான் எப்போதும் உன் வலப்பக்கம்தான் வருவேன். உன்னோடு கத்திப் பேசிப் பேசி, கடையிலும் கத்த ஆரம்பித்தேன். வாடிக்கைப் பெண்கள் கோபமாக இருக்கிறேனோ என்று பயந்தார்கள்.

நொச்சிக்குப்பம் சாலையில் நீ மீன் வாங்கும்போது நான் பத்தடி தள்ளி, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பேன். அந்த அம்மா சொல்லும் விலை எதுவும் உன் காதில் விழாது. நீ உன் விலையையே திரும்பத் திரும்பச் சொல்வாய். "இன்னா நைனா, காது கேக்காத மாதிரியே வெலைய கொறச்சிக்கினு போற" என்று அவள் அலுத்துக்கொண்டு கொடுத்துவிடுவாள். நிஜமாகவே கேட்கவில்லை என்று நான் சொன்னால், "அண்ணாச்சி, நீங்க சும்மா இருங்க. இதுல ஒரு லாபமாவது வேணாமா?" என்பாய்.

உன் கப்பல் ஓய்வு பெற்றபோது பழைய ஆட்களுக்கெல்லாம் அதன் சின்னம் தைத்த நீலத் தொப்பி அனுப்பினார்கள். மீன் வாங்கவும் அதுதான், பூசைக்குப் போகவும் அதுதான், மாதா கோயில் வாசலில் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வாய். பிறகு அந்தக் கப்பலைக் கரையேற்றி, ரயிலில் ஓர் இரவு தூரத்தில், தெலுங்கு பேசும் ஒரு கடற்கரை ஊரில் மியூசியம் ஆக்கினார்கள். போய்ப் பார்த்து வரலாம் வா என்று நான் கூப்பிடாத வருடம் இல்லை. "உள்ள ஏசி போட்டிருக்காங்களாம். எங்க எடத்துல பொம்மைங்கள நிக்க வெச்சிருக்காங்களாம். நான் போய் இன்னா பண்றது? பொம்மைகிட்ட டியூட்டி மாத்திக்கவா?" என்று சிரித்து மழுப்பிவிடுவாய். காரணம் அது இல்லை என்று எனக்குத் தெரிந்த நாள், நம் லிஃப்ட் நின்ற நாள்.

இரண்டு மாடிக்கு நடுவில் கரண்ட் போய், கம்பிக் கதவுக்குள் நான் மாட்டிக்கொண்டேன். நீ படிக்கட்டில் நின்று கம்பி வழியாகப் பார்த்தாய். நான் வாட்ச்மேனைக் கூப்பிடச் சொல்லிக் கத்துகிறேன், நீ அசையாமல் நிற்கிறாய். கரண்ட் வந்து நான் வெளியே வந்தபோது படியில் உட்கார்ந்திருந்தாய். "வாயத் தொறந்து கத்தினீங்களே, அச்சு அசலா அவன் மொகம் அண்ணாச்சி" என்றாய். அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னாய், ஒரே தடவை.

கடல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, காற்றுக் குழாயை மட்டும் வெளியே நீட்டி இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். குழாய் வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டியது. உன் கூட்டாளி வால்வை அடைக்க உள்ளே ஓடினான். நீ அறைகளுக்கு நடுவில் இருக்கும் வட்டக் கதவுக்கு இந்தப் பக்கம். ஓர் அறையில் தண்ணீர் ஏறினால் கதவை மூடிவிட வேண்டும், உள்ளே யார் இருந்தாலும் சரி, கப்பலில் மீதி எல்லோருக்கும் உயிர் அதில்தான். கதவைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாய். அவன் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தான். இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மூடாதே என்று கெஞ்சுகிறான் என்று உனக்குத் தெரிந்தது. மூடினாய்.

அவன் பிழைத்துக்கொண்டான். வால்வை அடைத்துவிட்டு உள்ளிருந்து கதவைத் தட்டினான், திறந்தீர்கள், இடுப்புவரை நனைந்து வெளியே வந்தான். நீதான் அதன் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சீக்கிரமே அவனுக்கு மாற்றல் வந்தது. "இப்ப சைதாப்பேட்டைல இருக்கான்னு கேள்வி. பஸ் அந்தப் பக்கம் போனா நான் ஜன்னல்ல பாக்கறதில்ல" என்றாய். பங்குச் சாமியாரிடம் சொன்னாயா என்று கேட்டேன். "சொன்னேன். அது பாவம் இல்லப்பா, ரூல்னாரு. ரூல்னு எனக்குத் தெரியாதா?" என்றாய். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டாய். சரி என்றேன்.

போன ஐப்பசி மழையில் நீ போய்விட்டாய். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் மனைவி இந்தத் தொப்பியை என் கையில் கொடுத்து, "நீங்க போட்டுக்குங்க அண்ணாச்சி, அவரு கூடவே நடக்கற மாதிரி இருக்கும்" என்றார்கள். இப்படிக் கொடுத்த பொருளை வைத்துக்கொண்டு நான் செய்ததைக் கேள்.

எனக்குத் துணி அனுப்பும் வியாபாரி ஒருவரின் மகள் கல்யாணம் அந்தக் கடற்கரை ஊரில் நடந்தது. முகூர்த்தம் முடிந்து ரயிலுக்கு நேரம் இருந்தது. உனக்குப் பதிலாக நானாவது பார்த்துவிட்டு வருகிறேன் என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அதுவரைக்கும் என் மனதில் கள்ளம் இல்லை, அதை மட்டுமாவது நம்பு.

மணலில் கான்கிரீட் கட்டைகள் மேல் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்டுப் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். நீ சொன்னபடி ஏசி. ஏசியையும் மீறிப் பழைய டீசல் வாடை. பொம்மைகளுக்கு மாட்டியிருந்த சட்டையின் நீலம் சரியில்லை, உன் பெட்டியில் நான் பார்த்த நீலம் வேறு. இன்ஜின் அறையில் உன் இடத்தில் நின்ற பொம்மைக்குக் கன்னத்தில் ரோஸ் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஒரு பையன் அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் அது நிஜம் இல்லை.

சுற்றிக் காட்டுபவர் ஒரு மலையாளி, அவரும் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர், வேறு கப்பலில் இருந்தவர். என் தலையைப் பார்த்ததும் நின்றார். "சார், இந்தக் கப்பலா?" என்று தமிழில் கேட்டார். இது என் நண்பனோட தொப்பி என்று சொல்ல நாலு வார்த்தை வேண்டும். "ஆமா" என்று ஒரே வார்த்தையில் முடித்தேன். எந்த டிப்பார்ட்மென்ட் என்றார். இன்ஜின் என்றேன். பெயர் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன்.

அவர் எல்லோரையும் நிறுத்தி, இவர் இந்தக் கப்பலில் வேலை செய்தவர் என்று அறிவித்தார். கூட்டம் என்னைச் சுற்றிக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தாம்பரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், இன்னும் யார் யாரோ. நான் சொல்லச் சொல்ல அவர் தெலுங்கில் சொன்னார். ஒரே படுக்கையில் இரண்டு பேர் மாற்றி மாற்றிப் படுப்பது, போய்ப் படுத்தால் முன்னால் படுத்தவனின் சூடு இன்னும் இருப்பது, காலை நீட்டினால் உருளைக்கிழங்கு மூட்டை இடிப்பது, கரைக்கு வந்தால் உன் அம்மா உன்னைக் கிணற்றடியிலேயே நிறுத்தி இரண்டு சோப்பு தேய்த்தது. நீ சொல்லும்போது நான் எங்கே சிரித்தேனோ அங்கேயே அவர்களும் சிரித்தார்கள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூக்கைச் சொறிய வேண்டும் என்பது வரைக்கும் உன்னிடமிருந்து எடுத்தது. சுகமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வாழ்க்கையில் யாரும் என் பேச்சை அப்படிக் கேட்டதில்லை. ரவிக்கைத் துணிக்காரன் சொல்ல என்ன இருக்கிறது.

அந்த வட்டக் கதவருகே வந்தபோதாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். அந்தக் கதையையும் சொன்னேன். உள்ளபடியும் சொல்லவில்லை. தோளைக் கொடுத்துக் கதவைத் திறந்தபடியே பிடித்திருந்தேன், கூட்டாளி வெளியே வந்த பிறகுதான் மூடினேன் என்றேன். கலர் சேராத துணியை எடுத்துப் போட்டு, "வெளிச்சத்துல பாருங்கம்மா, அச்சு அசல்" என்று சொல்லியே காலம் தள்ளியவன் அல்லவா. உன் பெயருக்கு நல்லது செய்கிறேன் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு சின்னப் பெண் முன்னால் வந்து சல்யூட் அடித்தாள். நான் திருப்பி அடித்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சுற்றிக் காட்டியவர் மட்டும் கை தட்டவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. "உள்ள மாட்டின ஆளு சைதாப்பேட்டைக்காரர்தானே சார்? இங்க வந்திருந்தாரு. இதே கதவப் பிடிச்சிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. கூட இருந்தவன் எங்க இருக்கான்னே தெரியலன்னு சொன்னாரு. நம்பர் இருக்கு, இருங்க" என்று போனை எடுத்தார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன். ஸ்பீக்கரில் போட்டார், கூட்டம் அமைதியானது. ஒரு பெண் எடுத்தாள், உங்க மாமாவோட கப்பல்காரர் பேசினாரு, எல்லாரும் கை தட்டினாங்க என்று அவளிடம் சொன்னார். "மாமா, உங்க கப்பல்காரராம்" என்றாள். "ஆங்? யாரு?" என்று ஒரு குரல். அவர் உன் பெயரைச் சொன்னார். "ஆங்?" மறுபடி சொன்னார். போன் என் கைக்கு வந்தது.

"எப்டி கீற?" என்றார். நல்லா இருக்கேன் என்றேன். "ஆங்?" நல்லா இருக்கேன் என்றேன் உரக்க. "வூட்ல?" எல்லாரும் சௌக்கியம். "ஆங்?" எல்லாரும் சௌக்கியம். "சரி. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. மீன் கொழம்பு வெக்கச் சொல்றேன்" என்றார். சரி சரி என்றேன்.

ரயிலில் கண்ணை மூட முடியவில்லை. ஐப்பசியில் செத்தவனை எழுப்பி உட்கார வைத்து, நல்லா இருக்கேன் என்று சொல்ல வைத்துவிட்டேன். அங்கே ஒரு மனுஷன் உனக்காக மீன் வாங்கிக்கொண்டிருப்பான். இனி நான் போய் உன்னை மறுபடி சாகடிக்க வேண்டும். போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தேன். போகாவிட்டால் நீ இரண்டாவது முறையும் அவனுக்குக் கதவை மூடியவன் ஆவாய், அதுவும் என்னால். உன் மனைவியிடம் சொல்லலாம் என்று எதிர்வீட்டு வாசல்வரை போய் நின்றுவிட்டு, செருப்பைத் தேடுவது போல நடித்துத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை தொப்பியைக் கடைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆற்றுப்பக்கம் போகும் சந்து. கைலியும் புதுப் பனியனும் போட்டுக்கொண்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருந்தது. என்னைப் பார்த்து அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "அவர் தவறிட்டாருங்க. போன ஐப்பசி. போன்ல பேசினது நான். பொய் சொல்லிட்டேன்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"ஆங்?"

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "ஆங்?" என்றார் மறுபடியும். தலை குனிந்து முணுமுணுக்க வேண்டிய விஷயத்தைத் தொண்டை கிழியக் கத்தினேன். அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொய் சொல்லிட்டேன், பொய் சொல்லிட்டேன் என்று அந்தச் சந்துக்கே தண்டோரா போட்டேன்.

"கேட்டுச்சு. கத்தாத" என்றார். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போன்லயே தெரியும்."

எப்படி என்று கேட்டேன்.

"நானு ஒரு வார்த்தைக்கு நாலு தபா ஆங் ஆங்னுகினு கீறேன். நீ ஒரு தபாகூட கேக்கல. இன்ஜின்ல வேல செஞ்சவனுக்கு அவ்ளோ நல்லா காது கேக்குமா?"

இத்தனை வருடம் உன் காதில் கத்தியவன், உன்னைப்போல் நடித்தபோது உன் செவிட்டை மறந்துவிட்டேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"அங்க எல்லாம் கை தட்னாங்கன்னு மருமவ சொன்னா. வயசானவன் கொரலு. நாலு பேர் மின்ன உன்ன எதுக்கு அசிங்கப்படுத்தணும்னு வுட்டுட்டேன்." தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அவன் இருந்தா அவனே பேசியிருப்பான். இல்லன்னு அப்பவே புரிஞ்சிக்கினேன். யாரா இருந்தா இன்னா, அவன தெரிஞ்சவன் வரட்டும்னு கூப்ட்டேன்."

அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து மீதியையும் சொன்னேன். கதவைத் திறந்து பிடித்ததாகக் கூட்டத்தில் அளந்ததை, லிஃப்டை, ஜன்னல் பக்கம் நீ பார்க்காமல் பஸ்ஸில் போனதை. "நீங்க மூடாத மூடாதன்னு கெஞ்சின முகத்த அவர் கடைசி வரைக்கும் மறக்கலீங்க" என்று கத்தினேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் எங்கப்பா மூடாதன்னேன்? மூடு மூடுன்னுதான் கத்தினேன். தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு, இவன் கதவ புடிச்சிக்கினு என்னயே பாத்துகினு நிக்கிறான். மூட்றா பேமானின்னு திட்டிக்கினு கீறேன்." பிறகு அவரே மெல்லக் கேட்டார். "அவனுக்குக் கேக்கலியா?"

கேக்கலீங்க என்று நான் தலையை ஆட்டினேன்.

"அந்த சத்தத்துல எப்டி கேக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கொஞ்ச நேரம் தயங்கினான் பாரு, அந்த வெக்கத்துலதான் மூஞ்ச காட்ட மாட்றான்னு நெனச்சேன். வரும்போது வரட்டும்னு வுட்டுட்டேன். மந்தவெளிலயா இருந்தான்? இதோ இருக்கற மந்தவெளிலயா?"

மருமகள் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் சைவம் என்று சொன்னேன். "கொழம்புக்கும் சரி சரின்னியே, அதுவும் பொய்யா?" என்று அவர் முதல் தடவையாகச் சிரித்தார். தயிர்ச்சோறு போட்டார்கள். எதிரே அவர் மீன் முள்ளை எடுத்தபடி, மூடுன்னுதானே சொன்னேன், மூடுன்னுதானே சொன்னேன் என்று முனகிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது தொப்பியை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு எழுந்தேன். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நீயே வெச்சிக்க. போட்டுக்காத" என்றார்.

அவர் சொன்ன சொல்லில் தவறு இல்லை. நேவி, தொப்பியைப் போட்டுக்கொண்டதுகூடப் பெரிய வெட்கம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. உன் ரகசியத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, லிஃப்ட் நின்ற நாளிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சைதாப்பேட்டையிலிருந்து என் கடைக்கு வராத ஆள் இல்லை. ஒரே ஒரு நாள் விசாரித்துப் போய், ஐயா, நீங்க என்ன சொல்லிக் கத்தினீங்க என்று கேட்டிருக்கலாம். சொல்ல வேண்டிய ஒருவரிடம் சொல்லாமல், ஊர் பேர் தெரியாத கூட்டத்திடம் கை தட்டுக்காகச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டது ஒன்று, நான் செய்தது இதுதான்.

இன்று தொப்பியை பக்கெட்டிலிருந்து காப்பாற்றியதும் பையில் போட்டுக்கொண்டு உன் கல்லறைக்கு வந்தேன். தலை எந்தப் பக்கம் என்று சிலுவையைப் பார்த்துக் கண்டுபிடித்து, வலப்பக்கம் போய் நின்றேன். அதைக்கூடத் தப்பாகச் செய்யக் கூடாது என்று இரண்டு தடவை சரி பார்த்தேன். குனிந்து, "மூடுன்னுதான் சொன்னாராம்" என்று கத்தினேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஆள் குழாயை நிறுத்திவிட்டுப் பார்த்தான். நீ "ஆங்?" என்று கேட்கும் நேரத்துக்குப் பொறுத்திருந்தேன். பிறகு இன்னும் சத்தமாக, இன்னொரு தடவை சொன்னேன்.